மறு: 'இன்க்ளூஷன் ரைடர்': 'வாய்ப்புறுதிச் சரத்து' எப்படி?

நண்பர்களே,

ஹாலிவுட் ஒப்பந்தங்களில் வரும் 'இன்க்ளூஷன் ரைடர்' என்ற சொல்லுக்குத் தமிழில் இங்கே முன்மொழிந்த 'உள்ளடக்க இணைப்பு' எனக்கு ஒட்டவில்லை. உள்ளடக்கம் என்றாலே இன்று காணொளியும் பதிவும்தான் நினைவுக்கு வருகின்றன, இணைப்பு என்றால் சுட்டி. படிக்கிறவர் ஏதோ இணையதளச் சமாச்சாரம் என்று கடந்துவிடுவார்.

பொருளைப் பார்ப்போம். செல்வாக்குள்ள நடிகர் ஒருவர் ஒப்பந்தத்தில் சம்பளம், கால்ஷீட், பெயர் வரும் வரிசை இவற்றோடு இன்னொரு பத்தியும் சேர்க்கச் சொல்கிறார்: துணைப் பாத்திரங்களுக்கும் கேமராவுக்குப் பின்னால் உள்ள வேலைகளுக்கும் ஆள் எடுக்கும்போது பெண்களையும் இதுவரை ஓரங்கட்டப்பட்டவர்களையும் அழைத்துப் பார்த்தாக வேண்டும். திரையில் அந்தப் பத்தி தெரியாது, அதற்குக் கைதட்டலும் கிடையாது.

2016-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டேசி ஸ்மித் டெட் (TED) உரையில் இதை விளக்கியபோது சொன்ன கணக்கு எளிமையானது. ஒரு படத்தில் பேசும் பாத்திரங்கள் 40, 45 இருக்கும், கதைக்கு அவசியமானவை எட்டுப் பத்துதான். மிச்சமெல்லாம் இரண்டு வரி பேசிவிட்டுப் போகும் மருத்துவர், காவலர், கடைக்காரர். நம் மொழியில் இந்தச் சொற்கள் ஆண் பெண் இருவருக்கும் பொது, ஆனாலும் 'காவலர் உள்ளே வருகிறார்' என்று படித்தால் மனதில் ஆண்தானே வந்து நிற்கிறார்? அந்த இடத்தைத்தான் இந்தச் சரத்து பிடிக்கிறது. வழக்கறிஞர் கல்பனா கோட்டகல் அதன் வாசகத்தை எழுதியவர்களில் ஒருவர். 2018 ஆஸ்கர் மேடையில் நடிகை ஃபிரான்சிஸ் மெக்டார்மண்ட் சொன்ன பிறகுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. 35 வருடம் சினிமாவில் இருந்த அவருக்கே போன வாரம்தான் தெரியும் என்றார்! ஓசையில்லாமல் உழைத்தவர்களின் வேலைக்கு நாம் வைக்கும் பெயராவது துல்லியமாக இருக்க வேண்டாமா?

இங்கே வந்த இன்னொரு யோசனையான 'ஒதுக்கீட்டு நிபந்தனை'யையும் ஏற்க முடியவில்லை. இத்தனை இடம் என்று இது ஒதுக்குவதில்லை, தேர்வுக்கு அழைப்பதைத்தான் கட்டாயமாக்குகிறது. 'இடமளிப்பு' என்றால் யாரோ பெரிய மனது பண்ணிக் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

அதனால்தான் 'வாய்ப்புறுதிச் சரத்து' என்கிறேன். 'வேலை உறுதி' ஏற்கெனவே நாவில் இருக்கிறது, இங்கே உறுதியாவது வாய்ப்பு. ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்குச் சரத்து பழகிய சொல். சரி, 'வாய்ப்பு உறுதி' என்று பிரித்து எழுதினாலும் எனக்குச் சம்மதமே.

அப்புறம் இன்னொன்று. நடிகை ஜெசிகா சாஸ்டெய்ன் ஒரு படத்துக்குத் தன் சம்பளத்தையும் சக நடிகை ஆக்டேவியா ஸ்பென்சரின் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டிப் பேசினார், கேட்டதைப்போல் ஐந்து மடங்கு கிடைத்தது என்று ஸ்பென்சரே சொன்னார். அந்த ஏற்பாட்டுக்கு 'இணைச்சம்பளச் சரத்து' பொருந்துமா?