புதிய ரூட்டர் வந்த பிறகு மடிக்கணினியில் மட்டும் வைஃபை இல்லை – உதவி தேவை

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். கணினியில் எனக்குத் தெரிந்தவை எக்செலும் மின்னஞ்சலும்தான். அவையும் பேத்தி சொல்லிக் கொடுத்தவை. அவள் இப்போது கோத்தா கினபாலுவில் படிக்கிறாள். கைப்பேசியில் அவள் விளக்குவது எனக்குப் புரிவதில்லை. புரியவில்லை என்றால் அவளுக்குக் கோபம் வருகிறது.

வீட்டில் பழைய இணைப்பை எடுத்துவிட்டு ஒளியிழை இணைப்புப் போட்டோம். சுவரில் ஒரு சிறு பெட்டி, மேசையில் நான்கு கொம்பு வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் நன்றாக வேலை செய்கின்றன. மடிக்கணினியில் மட்டும் நெட் வரவில்லை. பொருத்த வந்த தம்பியிடம் கேட்டேன். “கணினி எங்கள் பொறுப்பில் வராது ஐயா” என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பட்டணத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், “பழசு, புதிது வாங்கிவிடுங்கள்” என்றார்கள்.

தோட்டத்துக் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்துவிட்டது. 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் வரவுசெலவுக் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு இணையம்வழி அனுப்ப வேண்டும். செயலாளர் நான்தான். கணக்கு முழுவதும் இந்த மடிக்கணினியில் இருக்கிறது. விண்டோஸ் 10. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மின்னல்வேகம்

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

தெலுக் இந்தான்காரன்

ஐயா, முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையைப் பாருங்கள். ஏதாவது ஒரு விசையில் விமானப் படமோ கோபுரப் படமோ இருக்கும். இடது மூலையில் உள்ள ‘எஃப்என்’ விசையோடு சேர்த்து அதை ஒருமுறை அழுத்துங்கள். விமானப் பயன்முறை தெரியாமல் இயங்கியிருக்கலாம். சில பழைய கணினிகளில் முன்பக்க விளிம்பில் சிறிய தள்ளு பொத்தானும் உண்டு.

கம்பியில்லாதவன், ஈப்போ

மின்னல்வேகத்தின் பேச்சைக் கேட்காதீர்கள், ஐயா. கோயில் கணக்கு அந்தக் கணினியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டும் அழிக்கச் சொல்கிறார். எதையும் தொடுவதற்கு முன் ஒரு பென்டிரைவில் கணக்கு இருக்கும் கோப்புறையை நகலெடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

‘நெட் வரவில்லை’ என்பதை வைத்து நாங்கள் எதையும் சொல்ல முடியாது. வலது கீழ்மூலையில் வைஃபை படத்தைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன? உங்கள் வீட்டு இணைப்பின் பெயர் இருந்து, சேர மறுக்கிறதா? சேர்ந்த பிறகு பக்கங்கள் திறக்கவில்லையா? அல்லது பெயரே இல்லையா? மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். அப்படியே உங்கள் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அந்தப் பெயர் மடிக்கணினியில் வருகிறதா என்றும் பாருங்கள்.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

தெலுக் இந்தான் தம்பிக்கு: விமானப் பயன்முறை அணைந்தே இருக்கிறது. தள்ளு பொத்தான் இல்லை.

ஈப்போ தம்பிக்கு: கணக்கை நகலெடுத்துவிட்டேன். தோட்டத்துப் பெரட்டில் (காலையில் ஆள்கணக்கு எடுக்கும்போது) பெயர் வாசித்துப் பழகியவன், பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து எழுதிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெயர் இருக்கிறது. எதிர்வரிசை ஒட்டுக்கடையின் பெயர் இருக்கிறது. பழைய மோடத்தை இன்னும் மாற்றாத தம்பி வீட்டின் பெயரும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் ஆஜராகவில்லை. ரூட்டர் இருக்கும் மேசையிலேயே கணினியை வைத்துப் பார்த்தாலும் இல்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டவுடன் அந்தப் பெயர் வந்தது. கடவுச்சொல் கொடுத்தேன், சேர்ந்துகொண்டது. பக்கம் எதையும் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

ரூட்டரின் அடிப்பக்கத்துப் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

கணினி ஆசிரியை, சுங்கைப் பட்டாணி

ஐயா, அந்தப் படத்தை உடனே நீக்கிவிடுங்கள். ஒட்டுத்தாளில் வைஃபை கடவுச்சொல்லும் ரூட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லும் பளிச்சென்று தெரிகின்றன. நீக்கிய பிறகு இரண்டையும் மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. மாடல் எண்ணை மட்டும் தட்டச்சு செய்தால் போதும்.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

நீக்கிவிட்டேன், அம்மா. மிக்க நன்றி. பெட்டியின் மேல் ‘வைஃபை 6’ என்று அச்சிட்டிருக்கிறது. அதற்குப் பொருள் ஏதும் உண்டா?

கம்பியில்லாதவன், ஈப்போ

உண்டு, ஐயா. அதைத்தான் எதிர்பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெயரும் ஹாட்ஸ்பாட்டும் தெரிவதால் மடிக்கணினியின் வைஃபை அட்டை உயிரோடு இருக்கிறது. கைப்பேசிகள் சேர்வதால் ரூட்டரும் சரியாக இருக்கிறது. ஒன்று பேசும் மொழி மற்றதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ரூட்டர் சும்மா இருக்கும்போதும் தன் பெயரையும் தன்னால் என்னென்ன முடியும் என்பதையும் நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். வைஃபை 6 என்ற தலைமுறைக்கு 2019இல்தான் முறையான சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட சில டிரைவர்கள், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள்கள், அந்த அறிவிப்பில் தமக்குத் தெரியாத புதிய பகுதிகளைக் கண்டால் பெயரையே பட்டியலில் காட்டாமல் விட்டுவிடும். அட்டையில் பழுது இல்லை. அதை இயக்கும் மென்பொருள்தான் பழையது. இதற்காகப் புதுக் கணினி வாங்கச் சொன்ன கடைக்காரரை என்ன சொல்வது!

இதே அடையாளத்தோடு வேறு இரண்டு காரணங்களும் வரலாம். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால், 2.4 மட்டுமே அறிந்த பழைய அட்டைக்கு அது கேட்காது. அல்லது 2.4இல் 12, 13ஆம் அலைவரிசைகளில் ஓடினால், அமெரிக்கச் சந்தைக்கென்று அமைத்த சில கணினிகள் அதைக் கண்டுகொள்ளாது. அங்கே 11 வரைக்கும்தான் வழக்கம். டிரைவரின் வயதைப் பார்த்துவிட்டு அவற்றுக்கு வரலாம்.

ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி ‘டிவைஸ் மேனேஜர்’ திறங்கள். ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற வரியை விரித்தால் ‘வயர்லெஸ்’ என்ற சொல்லோடு ஒரு பெயர் இருக்கும். அதை இருமுறை சொடுக்கி ‘டிரைவர்’ தாவலில் உள்ள தேதியை எழுதுங்கள். அட்டையின் முழுப்பெயரையும் எண்ணோடு எழுதுங்கள். வேறு எதையும் அழுத்த வேண்டாம். குறிப்பாக அங்கே ‘அன்இன்ஸ்டால்’ என்று ஒன்று இருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள்.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

டிரைவர் தேதி 2015 என்று காட்டுகிறது. அட்டையின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கம்பியில்லாதவன், ஈப்போ

பார்த்தேன். இந்த அட்டைக்குப் புதிய டிரைவர் இருக்கிறது. பழைய டிரைவரில் இந்தக் குறை உண்டு என்று அட்டையைத் தயாரித்தவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்ற இரண்டு காரணங்களையும் ஓரமாக வைத்துவிடலாம்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். உங்களிடம் கைப்பேசி இருப்பதால் கவலை இல்லை. ஹாட்ஸ்பாட்டே போதும், ஆனால் கைப்பேசியின் டேட்டா செலவாகும். அதைவிட நல்ல வழி: கைப்பேசியை வீட்டு வைஃபையில் சேர்த்து, மின்னேற்றும் கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் ‘ஹாட்ஸ்பாட் மற்றும் டெதரிங்’ என்ற பகுதியில் இருக்கும். வீட்டு இணையமே கம்பி வழியாகக் கணினிக்குப் போய்விடும். அந்தப் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் கம்பியை மாற்றிப் பாருங்கள். சில மலிவான கம்பிகள் மின்னேற்ற மட்டும்தான் உதவும், தகவலைக் கடத்தாது.

இணைந்தவுடன் டிரைவரை மறந்துவிட்டுப் பதிவிலாகா வேலையை முடித்துவிடுங்கள். வைஃபை காத்திருக்கும், இலாகா காத்திருக்காது.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

முதல் கம்பியில் பொத்தான் மங்கலாகத்தான் இருந்தது. கைப்பேசிப் பெட்டிக்குள் இருந்த கம்பியைப் போட்டதும் இயங்கியது. மூலையில் கணினிப் படம் ஒன்று தோன்றியது.

ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணமும் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கையும் வருகின்றன. அடியில் சிறிய எழுத்தில் ‘செர்ட் டேட் இன்வேலிட்’ என்று முடிகிறது. வைரஸ் ஏதும் புகுந்துவிட்டதா? பயந்து மூடிவிட்டேன்.

கணினி ஆசிரியை, சுங்கைப் பட்டாணி

வைரஸ் இல்லை, ஐயா. கணினியின் வலது கீழ்மூலையில் தேதி என்னவென்று பாருங்கள்.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

2015 ஜனவரி 1. புதிய இணைப்பு வரும்வரை கணினி பல வாரம் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடந்தது.

கணினி ஆசிரியை, சுங்கைப் பட்டாணி

அதுதான் காரணம். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்திருக்கும். உங்கள் கணினி 2015இல் நிற்பதால், எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காத சான்றிதழாகத் தெரிகிறது.

தேதியின் மேல் வலது சொடுக்கினால் ‘அட்ஜஸ்ட் டேட்’ என்று வரும். தானாக நேரம் அமைப்பதை அணைத்துவிட்டு, இன்றைய தேதியையும் நேரத்தையும் கையால் கொடுங்கள். நேர மண்டலம் கோலாலம்பூர் என்று இருக்க வேண்டும். பக்கங்கள் திறந்த பிறகு தானியங்கி அமைப்பைத் திரும்ப இயக்கிவிடலாம்.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவதற்கு உள்ளே ஒரு நாணய வடிவ பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகை, 3 வோல்ட். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் மடிக்கணினிகளில் அதைச் சிறு கம்பியும் செருகியும் சேர்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஆகவே அடிமூடியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றும்வரை, கணினியை முழுதாக அணைத்து மின்சாரத்தையும் எடுத்தால் தேதி பின்னுக்குப் போய்விடலாம். அப்போது பழைய சிவப்பு முக்கோணமும் வரும்.

மின்னல்வேகம்

அந்த எச்சரிக்கையில் ‘அட்வான்ஸ்டு’ என்று இருக்கும். அதை அழுத்தி உள்ளே போய்விடலாமே?

கணினி ஆசிரியை, சுங்கைப் பட்டாணி

கோயில் கணக்கையும் அடையாள எண்ணையும் கொடுக்கப்போகும் இடத்தில் அப்படி எச்சரிக்கையைத் தாண்டிப் போகக் கூடாது. என் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

தேதியைத் திருத்தியதும் பக்கங்கள் திறந்துவிட்டன. ஆண்டறிக்கையை அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டதாகத் திரையில் வந்த பக்கத்தை அச்செடுத்துக் கோயில் கோப்பில் சேர்த்தாயிற்று. தலைவரிடம் சொன்னேன், பொங்கல் பிரசாதம் ஈப்போவுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்.

இனி டிரைவரை எப்படிப் போடுவது?

கம்பியில்லாதவன், ஈப்போ

பிரசாதத்துக்கு நானே வந்துவிடுகிறேன், அரை மணி நேரப் பயணம்தானே.

அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய் ‘அபௌட்’ என்பதைத் திறந்தால் 64 பிட்டா 32 பிட்டா என்று இருக்கும். தனிச்செய்தியில் அனுப்பிய முகவரி அட்டை தயாரிப்பாளரின் சொந்தத் தளம். அங்கே உங்கள் பிட்டுக்கு உரியதை இறக்குங்கள். தேடுபொறியில் ‘டிரைவர்’ என்று அடித்தால் முதலில் வரும் ‘இலவச டிரைவர் புதுப்பிப்பான்’ வகையறாக்களைத் தொடாதீர்கள். ஒன்றைச் சரிசெய்ய வந்து ஒன்பதைக் கெடுத்துவிட்டுப் போகும்.

இறக்கிய கோப்பை இருமுறை சொடுக்குங்கள், அனுமதி கேட்டால் கொடுங்கள். நடுவில் வைஃபை படம் மறைந்து திரும்ப வரும், பதற வேண்டாம். முடிந்ததும் ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் 10இல் ஷட் டவுன் பல கணினிகளில் முழுதாக அணைப்பதில்லை, அடுத்த முறை விரைவாக எழ உள்நிலையைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் பெயர் வரவில்லை என்றால் ரூட்டருக்குள் போய் 2.4 பகுதியை மட்டும் வைஃபை 6 முறையிலிருந்து பழைய முறைக்கு இறக்கலாம். முதலில் இதைப் பார்ப்போம்.

தெலுக் இந்தான்காரன்

ரூட்டர் பேச்சு வந்ததால் ஒன்று. மாலையில் இடி தொடங்கினால் ரூட்டரின் மின்செருகியைப் பிடுங்கி வையுங்கள், ஐயா. ஒளியிழை கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி வழியாக அடி வந்துவிடும். எங்கள் பக்கம் செம்பனைக்கு நடுவே இருக்கும் வீடுகளில் எத்தனை ரூட்டர் இப்படிப் போயிற்று என்று கணக்கே இல்லை.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

டிரைவர் போட்டாயிற்று. ரீஸ்டார்ட் ஆனதும் பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் முதல் வரியிலேயே நிற்கிறது. அம்மா சொன்னபடி மாற்றிய புதுக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன், சேர்ந்துகொண்டது. கைப்பேசிக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பின்கட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனால் கோடு இரண்டாகக் குறைகிறது, அது பரவாயில்லை.

கம்பியில்லாதவன், ஈப்போ

நடுவில் செங்கல் சுவர் இருக்கிறது, ஐயா. அங்கே உட்காரும்போது 2.4க்குத் தானாக மாறிக்கொள்ளும், கணக்கு வேலைக்கு அது போதும். இன்னொரு விஷயம்: விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவாக முடிந்துவிட்டது. பேத்தி விடுமுறைக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசி ஒரு முடிவு எடுங்கள். இப்போதைக்குப் பென்டிரைவ் நகல் அலமாரியிலேயே இருக்கட்டும்.

புதியவர், லூனாஸ்

எனக்கும் இதே பிரச்சினை. வைஃபையில் சேர்கிறது, ஆனால் மஞ்சள் குறி காட்டுகிறது, பக்கம் திறக்கவில்லை. நானும் இந்த டிரைவரைப் போடலாமா?

கம்பியில்லாதவன், ஈப்போ

போட வேண்டாம். உங்களுக்குப் பெயர் தெரிகிறது, சேரவும் செய்கிறது. இது வேறு நோய். தனியாக ஒரு கேள்வி தொடங்கி, அந்த மஞ்சள் குறியைச் சொடுக்கினால் வரும் வாசகத்தை ஒரு சொல்கூட விடாமல் எழுதுங்கள், பார்க்கலாம்.