கிட்டார் அம்ப்புக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

ஹட்டன்:
கிட்டார் பழகும் பிள்ளைகள் முதல் அம்ப் வாங்குமுன் படிக்க இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அம்ப்ளிபயர் (கிட்டார் சத்தத்தைக் கூட்டும் பெட்டி, சுருக்கமாக அம்ப்), டிஸ்டோர்ஷன் (அதில் வரும் கரகரத்த சத்தம்) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். ஒலிபெருக்கி என்று எழுதினால் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற புனல் ஸ்பீக்கரைத்தான் நினைப்பார்கள்.

கண்டி:
டீச்சர், உயர்தரப் பௌதிகவியலில் விரியலாக்கி இருக்கிறதே. செயற்பாட்டு விரியலாக்கி என்று எழுதித்தானே எல்லோரும் பரீட்சை பாஸ் பண்ணினோம்?

பதுளை:
பாஸ் பண்ணிய அன்றே மறந்தும் போனோம் சேர். தமிழ்நாட்டில் பெருக்கி என்கிறார்கள், ஆனால் எங்கள் அம்மா காதில் அது வாசல் கூட்டுகிற ஆளாகத்தான் விழும்.

கண்டி:
ஆடிப்பெருக்கும் வாசல் கூட்டுவதா? பெரு என்ற வேர் லேசானது இல்லை. பேரிகைகூட அதிலிருந்து வந்தது என்பது என் துணிபு.

பதுளை:
பேரிகை வடமொழி பேரீ, சேர். அதை விட்டுவிடுவோம்.

தலவாக்கலை:
சொல் கிடக்கட்டும் டீச்சர், வாட் கணக்கை முதலில் எழுதுங்கள். லயத்துக் காம்பராவில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். 100 வாட் பெட்டி 10 வாட் பெட்டியைவிடக் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்குதான் கூடக் கேட்கும், பத்து மடங்கு இல்லை. அதனால் 10 வாட்டும் 8 அங்குல ஸ்பீக்கரும் வீட்டுக்குத் தாராளம், ஹெட்போன் செருக ஓட்டை இருந்தால் சரி. அப்புறம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால் பின்பக்கத்தில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 120 வோல்ட் பெட்டியை நம் 230இல் செருகிப் புகை பார்த்தவன் நான்.

கண்டி:
தம்பி, தலைப்பு அதுவல்ல. டிஸ்டோர்ஷனுக்குத் திரிபு என்பதே போதும்.

பண்டாரவளை:
திரிபு என்றால் பால் திரிந்த மாதிரி, கெட்டுப்போனது. நாங்கள் அந்தச் சத்தம் வேண்டும் என்றுதானே காசு கொடுக்கிறோம்! அம்ப்பால் அதற்குமேல் தூக்க முடியாமல் போகும்போது அலையின் முகடு வெட்டுப்படுகிறது, அப்போது கிட்டாரில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. அதில் கெட்டது எது? உறுமல் என்று வையுங்கள். உறுமி அடித்துக் கேட்காத தோட்டம் உண்டா? வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய் வைத்த வகை) என்றால் தப்பு மேளம் மாதிரி சூடேறினால்தான் சத்தமே வரும், தப்பை நெருப்பில் காய்ச்சுகிறோம், இது தானே காய்கிறது.

கண்டி:
தொல்காப்பியர் திரிசொல்லைச் செய்யுளுக்குரிய நான்கு சொல்லில் ஒன்றாக வைத்தார். திரிந்தது எல்லாம் கெட்டது என்றால் செய்யுளே கெட்டதா?

பதுளை:
செய்யுளுக்குச் சரி சேர். 15 வயதுப் பையன் கடையில் போய் "திரிபு கூடின பெட்டி காட்டுங்கள்" என்றால் கடைக்காரர் பழுதான பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்.

ஹட்டன்:
எனக்கு நேரமில்லை. டிஸ்டோர்ஷனுக்கு உறுமல் என்றே போடுகிறேன். மற்றது அம்ப். முதல் வரியில் மட்டும் விரியலாக்கியும் வரும், சேருக்காக.

கண்டி:
நன்றி, ஆனால் உடன்பாடில்லை. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. உகரம் சேர்த்து அம்பு என்றாவது எழுதுங்கள்.

பண்டாரவளை:
"எந்த அம்பு வாங்கலாம்" என்று தலைப்புப் போட்டால் வில்லையும் கேட்பார்கள் சேர்.

கண்டி:
கேட்கட்டும். திரிசொல்லுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.