பெரிய கோயில் வடபுறச் சுவரில் அத்தை கேட்ட வரி

தஞ்சாவூருக்கு நான் போகாத வருஷமே கிடையாது. அத்தை வீடு கீழவாசலில் இருக்கிறது. திருவாரூரில் பிறந்த அத்தை கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருஷமாகிறது. பிரதோஷம் தவறாமல் பெரிய கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் அந்தச் சுவர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. போன ஐப்பசியில்தான் அது நடந்தது.

பெரிய கோயிலைக் கட்டிய இராசராச சோழனின் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டாடும் சதய விழாவுக்கு முதல் நாள். காலையில் அரண்மனைக்குப் போய் தர்பார் மண்டபமும் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் பார்த்தோம். சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தோம். எல்லாமே அருமைதான். ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

மூன்று மணி வாக்கில் கோயிலுக்குள் போனோம். மழை விட்டு வெயில் அடித்தது. கல் தரை சுட்டதால் சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் நிழலுக்கு ஒதுங்கினோம். அங்கே வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கைபேசி விளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்து, கோயிலின் அடித்தானத்தில், அதாவது சுவரின் அடிப்பகுதியில், வெட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று பிறகு தெரிந்தது.

அத்தை சும்மா பேச்சுக் கொடுத்தார். "ஐயா, கோபுர நெழல் தரையில விழாதுன்னு சொல்றாங்களே, நெசமா?"

"இப்ப நீங்க எதுல நிக்கிறீங்கம்மா?" என்றார் அவர்.

அத்தை கோபுரம் என்று சொன்ன, கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம். ஏறக்குறைய 216 அடி உயரக் கல் மலைக்கு நிழல் விழாமல் எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் நானும் அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் வேண்டாம், கல்லில் இருப்பதையே பாருங்கள் என்று எங்களை அவர் கிட்டே கூப்பிட்டார்.

விளக்கை நேராக அடித்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் பிடித்தால்தான் வெட்டுக்குள் நிழல் இறங்கி வரிவடிவம் எழுந்து வரும். ட, ப இரண்டும் நாம் இன்றைக்கு எழுதுவது போலவே இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும் என்றார். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எ, ஏ வேறுபாடும் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி. அதனால் சொல்லைத் தெரிந்துகொண்டுதான் எழுத்தையே படிக்க முடியும். விரலைக் கல்லில் வைக்காமல், ஓர் அங்குலம் தள்ளி வைத்தே நகர்த்திக்கொண்டு போனார். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இறங்கியது. திருநீற்றையும் எண்ணெய்க் கையையும் இதே எழுத்துகளின் மேல் தடவிவிட்டுப் போகிறவர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

பெரியவர் படித்துக் காட்டிய அந்த வரிக்கு வருகிறேன். இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு, 20-ஆம் நாள். "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" (நாம் கட்டுவித்த கற்கோயில்) என்று சொல்லி, இந்தக் கோயிலுக்கு "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று "திருவாய் மொழிஞ்சருள", அதன்படி வெட்டியிருக்கிறார்கள்.

அத்தை நிறுத்தச் சொன்னார். "எடுப்பிச்ச, குடுத்த, மொழிஞ்ச... இது எங்க அப்பாயி பேசுற மாதிரியே இருக்கே தம்பி!"

எடுப்பித்த, கொடுத்த, மொழிந்த என்று எழுத அந்தக் காலத்தில் ஆள் இல்லாமலா போயிருக்கும்? அரசன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியை அழகான செந்தமிழில் வெட்டியவர்கள்தானே. ஆனால் அரசன் வாயிலிருந்து வந்த ஆணையில் பேச்சின் ஈரம் காயாமல் கல்லில் அப்படியே ஏறியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பேச்சைக் கேட்டுவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அப்புறம் அந்த 'அக்கன்'. குந்தவை. தன் கொடை முடிந்த கையோடு அக்காவின் கொடையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுடையதைச் சொல்கிறான் தம்பி. குந்தவை தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருமேனி செய்து இங்கே வைத்ததையும் வேறொரு கல்வெட்டு சொல்கிறது. அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். அதைக் கேட்டதிலிருந்து கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கோயிலில் பணி செய்ய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, சோழ நாட்டின் பல ஊர்களிலிருந்து வரவழைத்து, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு அந்தக் கால அளவில் 100 கலம் நெல்லும் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று 400 பேருக்கும் தனித்தனியாகக் கல்லில் இருக்கிறது. போர்களைச் சொல்லும் அதே கல்லில்!

"திருவாரூர்லேர்ந்து யாராச்சும்?" என்றார் அத்தை.

"நெறைய பேரும்மா."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் ஆரூரிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து குடியேறியவர்தானே.

மறுநாள் சதயம். உள்ளூர் விடுமுறை, நிற்க இடமில்லை. பெருவுடையாருக்குப் பேரபிஷேகம், திருமுறை ஓதல். ஓதுவார்கள் வரிசையாக உட்கார்ந்து தேவாரம் எடுத்தபோது எனக்கு முந்தைய நாள் பெரியவர் சொன்ன, இராசராசன் நியமித்தவர்களின் கணக்குதான் காதில் ஓடியது: திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். 1010-இல் கலசம் ஏறிய கோயில். அன்று நெல் அளந்து கொடுத்து ஏற்படுத்திய பாட்டை இன்றைக்கு நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பதிகம் முடியும்வரை அத்தை எழுந்திருக்கவில்லை.

தஞ்சாவூர் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நந்தியோடு படம் எடுத்துவிட்டு, கருவறையில் கும்பிட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பாதீர்கள். வடபுறம் போய் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் அங்கே நல்ல நிழல் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து முதலில் ஒரு 'ட'வைத் தேடுங்கள்.

பிரியும்போது பெரியவர், அத்தை கேட்டதற்காக, என் கையிலிருந்த தாளில் சோழர் கால எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். நான் கிளம்பிய அன்று காலை மழை இல்லை. வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டிருந்தது. அதன் ஓரத்தில், அரிசி மாவால், புள்ளி வைக்காமல் 'திருவாரூர்' என்று எழுதியிருந்தார் அத்தை.