குவாய் பாலமும் சயாம் மரண ரயிலும்: நம்மவர் இல்லாத படத்தை எப்படிப் பார்ப்பது?

வெட்டுமேசை (கோலாலம்பூர்), ஞாயிறு இரவு 10.40

பிரிக்ஃபீல்ட்ஸில் இன்று மாலை நண்பர்கள் சிலர் கூடி, டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தைப் பெரிய திரையில் பார்த்தோம். படம் முடிந்ததும் எழுந்த சர்ச்சை தேநீர்க் கடை வரை நீண்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், தம் படையின் ஒழுங்கும் மானமும் குலைந்துவிடக் கூடாது என்பதற்காக பர்மாவுக்கு எதிரி போடும் ரயில்பாதைக்கே உறுதியான ஒரு பாலத்தைக் கட்டிக்கொடுக்கிறார். அதே பாலத்தைத் தகர்க்க நேச நாடுகளின் சிறு குழு ஒன்று காட்டு வழியே வருகிறது. கதை இவ்வளவுதான்.

தொலைக்காட்சி நாடகங்களுக்குப் படத்தொகுப்புச் செய்பவன் என்ற முறையில் அதன் இறுதிப் பகுதியை நான் எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இரவில் ஆற்றில் இறங்கிப் பாலத்தின் கால்களில் வெடி வைத்து, மின்கம்பியைத் தண்ணீருக்கடியில் மறைத்துக் கரை வரை கொண்டுபோகிறார்கள். விடிந்து பார்த்தால் ஆறு வற்றியிருக்கிறது. கம்பி மணல்மேல் வெளியே தெரிகிறது. ரயில் வந்துகொண்டிருக்கிறது. பாலத்தின்மேல் நடைபோடும் நிக்கல்சனின் கண் அந்தக் கம்பியில் படுமா, படாதா என்பதே நம் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறது. அதைவிட முக்கியமாக, அந்த நேரத்தில் பாலம் நிற்க வேண்டுமென்று விரும்புகிறோமா, விழ வேண்டுமென்று விரும்புகிறோமா என்பது நமக்கே தெரியவில்லை. தகரக் கொட்டடியில் வெயிலில் வாட்டப்பட்டும் பணியாமல் தள்ளாடி வெளியே வந்த அந்த மனிதரை முதல் பாதியிலேயே நாம் நேசிக்கத் தொடங்கிவிட்டோம் என்பதால்தான் இந்தப் பதைபதைப்பு உண்டாகிறது.

“அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்ட நம் மலாயாத் தமிழர்கள் படத்தில் எங்கே?” என்று இன்று சிலர் கோபப்பட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், 161 நிமிடங்களில் ஒரு மனிதனின் மனத்தை இவ்வளவு ஆழமாகத் தோண்டும் படத்திடம், அந்த ரயில்பாதையின் வரலாறு முழுவதையும் கேட்பது சரியாகுமா?

தோட்டத்துப் பேத்தி (ரவாங்), ஞாயிறு இரவு 11.55

வெட்டுமேசை ஐயா, அந்தக் கம்பிக் காட்சியில் நானும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை மறுக்கவில்லை. ஆனால், வரலாறு முழுவதையும் யாரும் கேட்கவில்லை. வரலாற்றின் பெரும்பகுதி ஏன் சட்டகத்திற்கு வெளியே போயிற்று என்றுதான் கேட்டோம்.

சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களுடைய துயரத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் குறைந்தது 1,80,000 பேர். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டங்களில், வேலை செய்த தமிழர்கள். வாந்திபேதி பரவியபோது கைதிகளிடம் இராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவர்களின் முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

பாலம் முடிந்ததும் நிக்கல்சன் ஒரு பலகையை ஆணியடித்து மாட்டுவாரே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இதை வடிவமைத்துக் கட்டியவர்கள் பிரிட்டிஷ் படைவீரர்கள் என்று அதில் எழுதியிருக்கும். அவருடைய பெருமிதம் எவ்வளவு மயக்கம் நிறைந்தது என்று காட்டவே இயக்குநர் அந்தப் பலகையை வைத்தார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், அந்தப் பலகையில் எழுதியிருப்பதைப் படமும் முழுமையாக நம்புகிறது. பாதை போட்ட ஆசியத் தொழிலாளி ஒருவர்கூடப் பெயரும் பேச்சும் உள்ள மனிதராக அதில் வருவதில்லை. ஆசியர் வருவதெல்லாம் முகாமின் ஜப்பானியத் தலைவர் சைத்தோவாகவும், காவலர்களாகவும், குழுவுக்குச் சுமை தூக்கும் சயாமியப் பெண்களாகவும்தான்.

வெட்டுமேசை, திங்கள் காலை 8.15

சகோதரி, பலகையைப் பற்றி நீங்கள் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். அது கூர்மையான வாதம். ஆயினும் என் தொழிலின் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்: கூட்டத்திற்காக யாரும் பதறுவதில்லை. தொண்ணூறாயிரம் பேரைத் திரையில் காட்டினால் பார்ப்பவன் பரிதாபப்படுவான், பிறகு பார்வையைத் திருப்பிக்கொள்வான். ஒருவனுடைய கையை, அவன் தயங்கும் ஒரு நொடியைக் காட்டினால் அவனோடு கடைசி வரை வருவான். லீன் பார்வையைக் குறுக்கியது கலையின் தேவை. அந்த முகாமின் ஓரத்தில் நம்மவர் பத்துப் பேரை மண் சுமக்க நிறுத்தியிருந்தால் உங்கள் மனம் ஆறியிருக்குமா? பின்னணியில் அசையும் உருவங்களாக நம்மவர் வருவதைக் காட்டிலும், வராமலிருப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வாசிரியர் (ஜார்ஜ்டவுன், பினாங்கு), திங்கள் மாலை 4.30

இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் சரித்திரம் போதித்தவன் நான். இருவருமே படத்தை ஓரளவு வரலாறாக ஏற்றுக்கொண்டு வாதிடுகிறீர்கள். அந்த அடித்தளத்தையே முதலில் சோதிக்க வேண்டும்.

காஞ்சனபுரியில் உள்ள உண்மையான பாலம் இரும்பும் கான்கிரீட்டும் கொண்டது. அதன் இரும்புத் தூலங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. அருகிலேயே ஒரு மரப்பாலமும் இருந்தது. இரண்டையும் எந்த அதிரடிக் குழுவும் தகர்க்கவில்லை. நேச நாட்டு விமானங்களே குண்டு வீசிச் சேதப்படுத்தின. இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும், வளைந்த தூலங்களுக்கு நடுவே போருக்குப் பின் பொருத்திய இரண்டு கோணத் தூலங்கள் தனியே தெரியும். பாலம் நிற்பது மே குளோங் ஆற்றின்மேல். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் எங்கே என்று கேட்டதால், 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். ஓர் ஆற்றின் பெயரையே மாற்றவைத்த படத்தை ‘வெறும் கதை’ என்று ஒதுக்கிவிட முடியாது, வெட்டுமேசை ஐயா. அங்கிருந்த கைதிகளின் மூத்த அதிகாரி லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூஸி, நிக்கல்சனைப் போல எதிரிக்கு உழைத்தவர் அல்லர். மரத்தூண்களில் கரையான்களைக் கொண்டுபோய் விடுமளவுக்குத் தம் ஆட்கள் வேலையைக் கெடுக்க இடம் கொடுத்தவர். உயிர் பிழைத்து வந்த கைதிகளே இந்தப் படத்தைப் பார்த்து மனம் புண்பட்டார்கள்.

இன்னொரு செய்தி என்னை வெகுகாலமாக உறுத்துகிறது. மூல நாவலை எழுதிய பியர் பூல், 1936 முதல் 1939 வரை இதே மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் நேரத்தில், தமிழர்கள் வரிசையாக நிற்பதை அவர் தினந்தோறும் கண்டிருக்க வேண்டும். அறியாமையால் விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்திற்காக யாரும் பதறுவதில்லை என்றீர்கள். 1981இல் ஜின்ஸ் சம்சுடின் எடுத்த ‘புக்கிட் கெப்போங்’ படத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1950 பிப்ரவரி 23 அதிகாலையில், ஜொகூரில் புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுகள் தாக்கியதும், முடிவு என்ன ஆயிற்று என்பதும் இந்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு பதறுகிறது. அது ஒருவருடைய மனத்தைத் தோண்டும் படமும் அன்று. காவலர்கள் ஒரு குழுவினரும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்தே அதன் நாயகர்கள். அந்தப் படம் நாட்டின் வரலாற்றை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே காட்டுகிறது என்ற குறை எனக்கும் உண்டு. அது வேறொரு திரியில் பேச வேண்டியது.

பால்வெட்டு (காஜாங்), திங்கள் இரவு 9.05

எல்லோரும் வெள்ளைக்காரர் எடுத்த படத்தையே குறை சொல்கிறீர்கள். தோட்டத்தில் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தது யார்? ஜப்பான்காரன் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டபோது, சில இடங்களில் தோட்டத்துக் கணக்கரான கிராணியும், ஆட்களை மேய்த்த கங்காணியும்தான் யார் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தனக்கு வேண்டாதவனை அனுப்பினார்கள், தன் உறவுக்காரனை மறைத்தார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாம் படம் எடுத்தால் இதைக் காட்டத் துணிவோமா?

தோட்டத்துப் பேத்தி, செவ்வாய் இரவு 10.20

காட்ட வேண்டும், பால்வெட்டு ஐயா. அதைக் காட்டாமல் எடுக்கும் படம் நிக்கல்சனின் பலகையைப் போன்றதாகிவிடும்.

ஆசிரியர் ஐயா பூலைப் பற்றி எழுதியதைப் படித்தபின், வெட்டுமேசை ஐயாவுக்கு என் பதில் தெளிவாகிவிட்டது. பின்னணியில் பத்துப் பேரை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒருவனுடைய கை ஏன் ஒரு தமிழனுடைய கையாக இருக்க முடியாது? இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகை நிரம்பியதும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை நேரே ரயிலில் ஏற்றினார்கள் என்று அக்கால நினைவுக் குறிப்புகளில் சொல்லப்பட்டிருக்கிறது. திரையில் வெளிச்சம் விழுகிறது, பின்னால் தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கிறது, முன்வரிசையில் ஒருவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான். இதில் உங்கள் கம்பிக் காட்சியைவிடக் குறைந்த பதைபதைப்பா இருக்கிறது?

ஜப்பானிய இராணுவமே 1944இல் அந்தப் பாலத்தருகே எழுப்பிய நினைவுத்தூணில், இறந்தவர்களுக்காகப் பொறித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. வதைத்தவர்களுக்கே நாங்கள் அங்கே இருந்தது தெரிந்திருந்தது. 1957இல், இந்த நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் வெளிவந்த படத்திற்குத் தெரியவில்லை. அதற்குப் பின் ஒரு தலைமுறை முழுவதும் ‘சயாம் ரயில்’ என்றதும் படத்தில் கைதிகள் சீழ்க்கையடிக்கும் அந்தப் பாட்டைத்தான் நினைத்துக்கொண்டது.

என் பாட்டனாரைக் கொண்டுபோனது 1943இன் தொடக்கத்தில். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். செய்தியே இல்லை. பாட்டி தாலியைக் கழற்றவும் இல்லை, தலையில் பூ வைக்கவும் இல்லை. வைத்தால் அவர் இல்லாதபோது வைத்த பாவமாகிவிடுமோ, கழற்றினால் உயிரோடிருப்பவரைக் கொன்ற பாவமாகிவிடுமோ என்று இரண்டுக்கும் அஞ்சினார். போர் முடிந்தபின் ஒருநாள் லாரியில் சிலரைத் தோட்டத்துச் சாலையில் இறக்கிவிட்டார்கள். எலும்பும் தோலுமாக, சாக்கைச் சுற்றிக்கொண்டு, காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்களில் யார் யாரென்று அடையாளமே தெரியவில்லை. ஆகவே பாட்டி ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டே போனார். நான்காவது ஆள் என் பாட்டனாரின் பெயரைச் சொன்னார். அவர் வேறு தோட்டத்துக்காரர். பெயர் மட்டும் அதே பெயர்.

வெட்டுமேசை, செவ்வாய் இரவு 11.35

சகோதரி, ஒருவரை நெருங்கிப் பார்த்தால்தான் பதற்றம் பிறக்கும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. நீங்கள் சொன்னதும் அதைத்தான் எனக்குக் காட்டுகிறது. ஆனால், யாரை நெருங்குவது என்பதைக் கலையின் தேவை தீர்மானிப்பதாக எழுதியது தவறு. அது தேர்ந்தெடுத்தவரின் முடிவு. நேற்றுக் காலை எழுதியதில் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அந்தச் சாலைக் காட்சி என் மேசைக்கு வந்தால், அவர் பெயரைச் சொன்னபின் வெட்டாமல் பாட்டியின் முகத்திலேயே நெடுநேரம் நிற்பேன். அதன்பின் பாட்டி என்ன செய்தார் என்பது குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா?

தோட்டத்துப் பேத்தி, புதன் காலை 6.50

அம்மாவிடம் கேட்டேன். அந்த மனிதரைக் கையைப் பிடித்து தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு அழைத்து வந்து, வாசலில் உட்காரவைத்து, மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாராம். அவர் குடித்து முடிக்கும் வரை, பக்கத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.