அணில்பிள்ளை விழுந்து கிடந்தால் பாலைத் தேடாதீர்கள்

தென்னந்தோப்பு:
நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கொல்லையில் மட்டை கழித்தபோது கூட்டோடு ஓர் அணில்பிள்ளை விழுந்தது. கண் திறக்கவில்லை. மயிர் முளைக்காத ரோஸ் தோல். அதிலேயே முதுகின் மூன்று கோடும் பென்சிலால் இழுத்ததுபோல் தெரிந்தது. பதறிப்போய் பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக விட்டேன். குடிக்கிறது என்றுதான் நினைத்தேன். மூக்கில் பால் நுரைத்து வந்த பிறகே புரையேறியது தெரிந்தது. விடிவதற்குள் செத்துவிட்டது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிறகு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். உடம்பு ஜில்லிட்டுப்போன குட்டிக்கு எதுவும் செரிக்காது. முதலில் சூடு, மற்றதெல்லாம் அப்புறம். மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத உடம்பு, நீர் வற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

போன தை மாதம் மறுபடி இரண்டு விழுந்தன. இந்தத் தடவை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. நாரும் பஞ்சுமாய்ச் சிதறிய கூட்டை ஒரு சின்னக் கூடையில் அள்ளிப்போட்டு, குட்டிகளை அதில் விட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன். பின்கட்டுக் கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்தபடி, காக்கையை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. தாய் வாலைச் சிலுப்பிக் கத்திக்கொண்டே தலைகீழாக இறங்கி வந்தது. வயிற்றுப்பக்கம் கவ்வியதும் குட்டி அதன் கழுத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது. ஒன்றை எங்கோ விட்டுவிட்டு வந்து இன்னொன்றையும் தூக்கிப்போனது. மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் தொட்ட குட்டிகள்தான் அவை.

ஒன்று கவனியுங்கள்: அணில் பகலில்தான் நடமாடும். இருட்டிவிட்டால் தாய் வராது. இரவு முழுக்கச் சூடாக வைத்திருந்து, விடிந்ததும் அதே மரத்தடிக்குக் கொண்டுவாருங்கள்.

கோட்டான்:
எங்கள் வீட்டுக்கு வந்தது கூகை, ஆந்தையில் ஒரு வகை. பட்டப்பகலில் பத்துப் பதினைந்து காக்கைகள் துரத்த, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து ஒடுங்கியிருந்தது. வெள்ளை முகம் அச்சாக இதய வடிவம். "வீட்டுக்கு ஆகாது, விரட்டு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எலி தின்னட்டும் என்று வயலில் ஆந்தை உட்காரக் கம்பு நட்டு வைக்கிற ஊர் எங்களுடையது. அதைச் சொன்னதும் அவரே பழைய துண்டு ஒன்று கொடுத்தார். பின்பக்கமிருந்து துண்டைப் போர்த்தித் தூக்க வேண்டும். அலகைவிட நகம்தான் ஆபத்து. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடினோம். சோறு, தண்ணீர் எதுவும் வைக்கவில்லை. இருட்டும் அமைதியும்தான் மருந்து. இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லியிருப்போம். காயமில்லாததால் இருட்டியதும் மொட்டைமாடியில் பெட்டியைத் திறந்தோம். பறந்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது, காதுக்குத் துளி சத்தமில்லை.

வேப்பமரத்தடி:
எல்லாக் குஞ்சும் அநாதை இல்லை. எங்கள் தெருவில் வால் குட்டையாய், தத்தித் தத்தி நடந்த குஞ்சைப் பையன்கள் கூண்டில் போட்டுவிட்டார்கள். பார்த்தால் குயில் குஞ்சு! சுவரில் ஒரு காக்கை விடாமல் கரைந்துகொண்டிருந்தது, தன் குஞ்சென்று நம்பி வளர்த்தது அதுதானே. கிளையில் விட்டதும் வந்து ஊட்டியது. சிறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு பறக்கப் பழகுகிறது. நாயும் வண்டியும் வராத செடி மறைவில் விட்டு விலகினால் போதும். சிறகே முளைக்காததைத்தான் கூட்டில் திருப்பி வைக்க வேண்டும். ஆசைப்பட்டு வீட்டில் வளர்க்காதீர்கள். கிளியானாலும் 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சுனை:
குரங்குக் குட்டி என்றால்? எங்கள் மலையடிவாரத்தில் அடிக்கடி வண்டியில் அடிபடுகிறது.

தென்னந்தோப்பு:
கை வைக்காதீர்கள். கூட்டம் பக்கத்திலேயே இருக்கும், பாய்ந்துவிடும். வண்டிகளை நிறுத்தி ஒதுங்கி நின்று வனத்துறையைக் கூப்பிடுங்கள். வௌவாலுக்கும் இதேதான். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.