புஞ்சைக் காட்டுக் கீரை: பறிப்பு, கடைசல், கவனிக்க வேண்டியவை

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை எல்லாம் மழைக்குப் பிறகு மானாவாரிக் காட்டில் விதைக்காமலே வருபவை. களையெடுக்கப் போகும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவது இவற்றைத்தான். பண்ணைக்கீரையைப் பூக்கதிர் வருவதற்கு முன்பே கிள்ளிவிட வேண்டும். கதிர் வந்துவிட்டால் தண்டு நார் பாய்ந்துவிடும், எவ்வளவு கடைந்தாலும் மசியாது. நகம் வைத்தால் ஒடிகிற நுனி போதும்.

நாலு பேருக்கு ஆய்ந்த கீரை 400 கிராம், துவரம்பருப்பு 100 கிராம், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நாலு பல் பூண்டு, பச்சை மிளகாய், சீரகம். முழுசாக மூன்று தண்ணீர் அலசிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் வைட்டமின் சியும் தண்ணீரோடு போய்விடும். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் கீரையைப் போட்டு, வதங்கியதும் மத்தால் கடையுங்கள். கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் அவசியம். கொழுப்பில்லாமல் கீரையின் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது) உடலில் சரியாகச் சேராது.

*

மேலே சொன்னதோடு இரும்புச்சத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. ஆனால் பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்குச் சட்டியில் ஒட்டியதுதான் மிச்சம். கடைந்ததும் அவர் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள், இதைவிட முக்கியமான குறிப்பு எனக்குத் தெரியவில்லை.

கீரையில் உள்ள இரும்பில் சிறு பகுதிதான் உடலில் சேரும். அதைக் கூட்டுவது வைட்டமின் சி. எலுமிச்சையைக் கொதிக்கிற சட்டியில் பிழியாமல் தட்டில் பிழியுங்கள்; நெல்லிக்காய்த் துவையல் இன்னும் நல்லது. சாப்பிட்டவுடன் டீ குடிப்பதுதான் பெரிய கெடுதல், அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

*

வேகவைத்த தண்ணீரை எப்போதும் கொட்டக் கூடாது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்ஸலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். இந்த இரண்டையும் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு வடித்துவிடுங்கள். கொஞ்சம் ஃபோலேட் போகும், போகட்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. முருங்கைக்கு வடிக்கத் தேவையில்லை.

பிரண்டையில் இளசான மேல் இரண்டு மூன்று கணு மட்டும். கையில் எண்ணெய் தடவி, ஓரத்து நாரை உரித்து, நிறம் மாறும்வரை எண்ணெயில் வதக்கிப் புளியோடு அரைக்க வேண்டும். பாதி வதங்கலில் இறக்கினால் தொண்டை அரிக்கும்.

*

எங்கே பறிப்பது என்பதையும் பேச வேண்டும். மக்காச்சோளக் காட்டில் களைக்கொல்லி அடித்திருந்தால், சாகாமல் நிற்கிற கீரையையும் தொடாதீர்கள். அலசினாலும் உள்ளே ஏறியது போகாது. காட்டுக்காரரிடம் இந்தப் பருவத்தில் மருந்து அடித்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சாக்கடை ஓரமும் வேண்டாம்.

குப்பைமேட்டில் ஊமத்தங்கன்று கீரையோடு கலந்து முளைக்கும். கசக்கினால் குமட்டுகிற வாடை வரும், இலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமாக இருக்காது. ஒரு கைப்பிடி கலந்தாலே வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, பிதற்றல் வரும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் கட்டாகப் பிடுங்காமல் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக் கிள்ளுங்கள்.