கொழும்புக்கு விஞ்ஞானச் சுற்றுலா: 2 நாளில் 7 இடமா?

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து தரம் 10 பிள்ளைகள் 45 பேர், ஆசிரியர்கள் 4 பேர், ஒரு பஸ். பெப்ரவரி நடுப்பகுதி. வியாழன் இரவு வெளிக்கிட்டு, வெள்ளியும் சனியும் கொழும்பில். வெள்ளி: கோள்மண்டலம், இயற்கை வரலாற்று நூதனசாலை, வளிமண்டலவியல் திணைக்களம், தாமரைக் கோபுரம். சனி: தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, பெத்தகான ஈரநிலப் பூங்கா, காலிமுகத்திடல். தங்குவது வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். கொழும்பில் இருக்கிற ஆக்கள் பார்த்துச் சொல்லுங்கோ, கூடிப்போச்சோ?

வெள்ளவத்தை வாசி:
கூடத்தான். இடங்கள் கிடக்கட்டும், மண்டபத்தில் எத்தனை கழிவறை? 3 என்றே வையுங்கோ. இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்த 45 பிள்ளைகள், ஆளுக்கு 8 நிமிடம், மொத்தம் 360 நிமிடம். மூன்றால் பிரித்தால் 2 மணித்தியாலம். பஸ் 5 மணிக்கு வந்து சேர்ந்தாலும் குளித்து, இடியப்பம் தின்று, திரும்ப ஏற 8 மணி. 8 மணிக்குக் காலி வீதி எப்பிடி என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறகு 1.30க்குக் கறுவாத்தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் விடும். பள்ளி வான்கள் வீதியை நிறைத்தால் உங்கட பஸ் அரை மணித்தியாலத்துக்கு அசையாது. வெள்ளியில் 4 இடம் என்பது தாளில்தான் நடக்கும்.

மற்றது, கோள்மண்டலம் திருத்த வேலைக்கு மூடப்பட்ட காலங்கள் உண்டு. தமிழ்க் காட்சி வேணுமென்றும் திகதியையும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் பிடியுங்கோ. வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் அப்பிடித்தான், கடிதம் இல்லாமல் 45 பேரை உள்ளே விடமாட்டினம்.

தாச்சி:
அடிப்படைக் கேள்வியை ஒருவரும் கேட்கேல்லை. ஏன் கொழும்பு? மழைமானியும் வெப்பமானிக் கூடும் பார்க்க 400 கி.மீ. ஓட வேணுமோ? வளிமண்டலவியல் நிலையம் யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியிலேயே இருக்கு. ஈரநிலம் பார்க்கக் கடனீரேரி வீட்டு வாசலில் கிடக்கு. சுற்றுலாக் காசு கட்ட ஏலாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கினம். அவை 2 நாள் வெறும் வகுப்பில் இருக்க, மற்றவை லிஃப்டில் ஏறிப் படம் எடுத்துப் போடுவினம். இதுக்கு விஞ்ஞானம் என்று பேர்.

அளவுகோல்:
தாச்சி அண்ணை பாதி சரி. ஊரில் இருக்கிறதைப் பார்க்கக் கொழும்புக்கு வரத் தேவையில்லை. இரண்டு ஊர் இருந்தால்தான் செய்யக்கூடிய வேலைக்கு வாங்கோ.

கொழும்பின் அகலக்கோடு வடக்கு 6.93 பாகை, யாழ்ப்பாணம் 9.66. நெடுங்கோடு இரண்டுக்கும் ஏறக்குறைய 80 பாகை. அதாவது யாழ்ப்பாணம் கொழும்புக்கு நேர் வடக்கு என்றே சொல்லலாம். உலகில் எல்லா நாட்டுக்கும் இப்பிடி ஒரு சோடி நகரம் அமையாது. பழைய கிரேக்க அறிஞர் எரதொஸ்தெனிஸ் எகிப்தில் செய்த பூமியின் சுற்றளவுக் கணக்கை அப்பிடியே செய்யலாம்.

1 மீற்றர் தடி ஒன்று கொழும்பில், இன்னொன்று பள்ளிக்கூட மைதானத்தில். பெப்ரவரி நடுப்பகுதியில் உச்சி, அதாவது சூரியன் ஆக உயர நிற்கிற நேரம், 12.25 அளவில் வரும், 12 மணிக்கு இல்லை. எங்கட மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுது, நாங்கள் அதுக்கு மேற்கே இருக்கிறம், அந்த மாதத்தில் சூரியனும் ஒரு 14 நிமிடம் பிந்தும். 12.10 இலிருந்து 12.40 வரை 2 நிமிடத்துக்கு ஒருக்கா நிழல் முனையைத் தாளில் குறியுங்கோ. ஆகக் குட்டையான நிழல்தான் வேணும். யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 41.3 செ.மீ., கொழும்பில் 35.8 செ.மீ. வரவேணும். நிழலைத் தடியின் நீளத்தால் வகுத்துத் தான்சன் அட்டவணையில் கோணத்தை எடுத்தால் வித்தியாசம் 2.7 பாகை. 360ஐ அதால் வகுத்து, வடக்குத் தெற்குத் தூரம் 303 கி.மீ.ஆல் பெருக்கினால் 40 ஆயிரம் கி.மீ.க்குக் கிட்ட வரும்.

காசு கட்ட ஏலாமல் ஊரில் நிற்கிற பிள்ளைகள் இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை.

தாச்சி:
கடைசி வரியை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் சொன்ன மாதிரிச் செய்தால் விடை வராது. நிழல் வித்தியாசம் மொத்தமே ஐந்தரை செ.மீ. அதில் 1 மி.மீ. பிழைத்தால் சுற்றளவில் 700 கி.மீ.க்கு மேல் போயிடும். சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான தட்டு. 1 மீற்றர் தடியின் நிழல் முனை 1 செ.மீ. அளவுக்கு மங்கலாய்க் கலைஞ்சு கிடக்கும். ஒரு பிள்ளை உள்விளிம்பைக் குறிக்கும், மற்றது வெளிவிளிம்பைக் குறிக்கும். தடி நுனியில் 5 மி.மீ. துளை போட்ட மட்டையைக் கிடையாய் ஒட்டுங்கோ, தரையில் விழுகிற ஒளிவட்டத்தின் நடுவைக் குறியுங்கோ. உயரத்தை அந்தத் துளையிலிருந்து அளக்கவேணும். தடியைக் கண் மட்டத்தில் நிமிர்த்தக்கூடாது, தூக்குக்குண்டு கட்டுங்கோ. தாளுக்குக் கீழே பலகையும் ரசமட்டமும் வேணும், புல்தரையில் நேரே வைத்தால் வேலை முடிஞ்சுது.

இன்னொன்று. பிள்ளைகள் 303க்குப் பதிலாக வீதித் தூரம் 400ஐப் போடுவினம். விடை 52 ஆயிரத்துச் சொச்சம் வரும். அதைத் திருத்தாமல் விட்டு, ஏன் என்று கேட்டால் அதுவே ஒரு பாடம்.

அதோட பெப்ரவரியில் இல்ல விளையாட்டுப் போட்டி. எந்த அதிபர் விடுவார்?

அளவுகோல்:
துளை மட்டை நல்ல யோசனை, எடுத்தாச்சு. போட்டி இடைஞ்சல் என்றால் மார்ச் 20 அளவில் வையுங்கோ. அன்று சூரியன் மத்தியகோட்டுக்கு நேரே நிற்கும், அளக்கிற கோணமே அந்த ஊரின் அகலக்கோடு. நிழல் யாழ்ப்பாணத்தில் 17 செ.மீ., கொழும்பில் 12 செ.மீ. உச்சி 12.18. ஏப்ரலுக்குத் தள்ளாதேங்கோ. கொழும்பில் பிற்பகல் இடிமழைக் காலம் தொடங்கியிருக்கும்.

கோள்மண்டலத்தை இதோட கோர்க்கலாம். 1965இல் கட்டின தாமரை வடிவக் கட்டடம், நல்லாத்தான் இருக்கும், ஆனால் வாய் பிளந்து பார்த்துவிட்டு வாறதில் பிரயோசனம் இல்லை. துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. அந்த உயரமும் ஊரின் அகலக்கோடுதான்: ஏறக்குறைய 7 பாகை, 10 பாகை. பகல் அளந்த அதே வித்தியாசம். கொழும்பு வானில் 7 பாகை உயரம் புகையிலும் வெளிச்சத்திலும் மறைஞ்சிடும், அதனால் உள்ளே பார்க்கிறதுதான் வழி.

வெள்ளவத்தை வாசி:
தாமரைக் கோபுரத்தை என்ன செய்யிறது? பிள்ளைகள் கேட்பினம்.

அளவுகோல்:
வைத்திருங்கோ. பார்வைத் தளம் ஏறக்குறைய 240 மீற்றர். அமுக்க உணரி உள்ள போன் ஒன்று போதும், பிபாக்ஸ் (phyphox) செயலி இலவசம். மேலே போகப் போகக் காற்றமுக்கம் 27 ஹெக்டோபாஸ்கல் (அமுக்க அலகு) அளவு குறையும், 1 குறைய ஏறக்குறைய 9 மீற்றர். மலிவான போன்களில் உணரி இருக்காது, ஊரிலேயே திறந்து பார்த்துக் கொண்டு வாங்கோ. எல்லாரும் பிழைக்கிற இடம் இது: காலையில் கீழே ஒரு அளவு, பின்னேரம் மேலே ஒரு அளவு. எங்கட பகுதியில் அமுக்கம் காலை 10 மணிக்கு உச்சத்தில் இருந்து 4 மணிக்குள் தானாகவே ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். கோபுரம் 25 மீற்றர் வளர்ந்த மாதிரிக் காட்டும். ஏற முன்னும் இறங்கின கையோடையும் கீழே அளவெடுத்துச் சராசரி பாருங்கோ.

தாச்சி:
லிஃப்ட் காசு ஆளுக்கு எவ்வளவு என்று யோசியுங்கோ. செலவில்லாத ஒன்று சொல்லுறன். ஆளுக்கு ஒரு போத்தல் ஊர்க் கிணற்றுத் தண்ணி கொண்டு வரட்டும். எங்கட தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறின வன்னீர். கொழும்புக் குழாய்த் தண்ணி களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வாற மென்னீர். பரிசோதனைக் குழாயில் 10 மி.லீ. எடுத்து, சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாய் விட்டு, மூடிக் குலுக்கி, நுரை 1 நிமிடம் நிற்க எத்தனை துளி என்று எண்ணட்டும். கரைசலைப் பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணியில் கலக்கவேணும், கிணற்றுத் தண்ணியில் கலக்கினால் கரைசலே கெட்டுப்போகும். ஷாம்புவும் பாத்திரம் கழுவுற திரவமும் வேண்டாம், அவை இரண்டு தண்ணியிலும் ஒரே மாதிரி நுரைக்கும்.

மண்டபத்துக் குளியலறையில் வைத்தே செய்யலாம். ஊர்ப் பிள்ளை கொழும்பில் குளித்தால், எவ்வளவு ஊற்றினாலும் உடம்பு வழுக்குது, சவர்க்காரம் போகேல்லை என்றுதான் சொல்லும். அதனால் 8 நிமிடம் என்ற கணக்கையும் 10 ஆக்குங்கோ.

வடலி:
அப்ப மிருகக்காட்சிச்சாலை?

வெள்ளவத்தை வாசி:
சனிக்கிழமைச் சனத்துக்குள் 45 பேரை எண்ணிக்கொண்டு நிற்கிறதுதான் ஆசிரியருக்கு வேலையாய் இருக்கும். வெட்டுங்கோ. பெத்தகானவுக்குத் திறந்த உடனே போங்கோ, வெயில் ஏறினால் பறவை ஒதுங்கிடும். கொழும்புக்கு 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்பிடியான சதுப்புகளால்தான், மழைவெள்ளத்தை வாங்கி வைக்கிறதும் இவைதான்.

தாச்சி:
மிருகக்காட்சிச்சாலையை வெட்டினதுக்கு நான் எதிர்ப்பு. பல்லமைப்பும் குளம்பும் தரம் 10 பிள்ளைக்குப் பார்க்க வேணும். நூதனசாலையில் எலும்பு பார்க்கலாம் என்று சொல்லுவியள், எலும்பு அசை போடாது.

வெள்ளவத்தை வாசி:
அசை போடுற மாடு யாழ்ப்பாணத்தில் இல்லையோ அண்ணை? நீங்கள்தானே ஊரில் இருக்கிறதைப் பார்க்கக் கொழும்பு வேண்டாம் என்றது.

வடலி:
சரி, வெள்ளி கோள்மண்டலம், நூதனசாலை. நிழல் அளவைக்கு நூதனசாலை முன் புல்வெளியில் இடம் கேட்டுக் கடிதம் எழுதுறன். பின்னேரம் கோபுரம். சனி பெத்தகான மட்டும், பிறகு காலிமுகத்தில் இஸ்ஸோ (இறால்) வடை, ஊருக்கு. மண்டபத்துக்கும் போன் எடுத்துக் கேட்டன். கழிவறை 2தானாம்.